தொட்டில் கம்பில் ஒரு முடிச்சு

முதலில் கைக்கு வந்த காகிதத் துண்டில் பவுடர் டப்பாவைத் திறந்தாற்போல ஒரு வாசனை இருந்தது, அது லாவண்டர் என்றார் மிஸ், தூக்கம் வராதவர்கள் தலையணை ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துக்கொள்ளலாம் என்றார், படுத்தால் கட்டை மாதிரி கிடக்கிற நமக்கு எதற்கு இது, எழுப்பிவிடுகிற வாசனை ஏதாவது இருந்தால் கொடுங்கள் என்று நினைத்துக்கொண்டே லோகேஸ்வரி துண்டைப் பக்கத்து நாற்காலியில் இருந்த ரெஜினா அக்காவிடம் நீட்டினாள். ரெஜினா அக்கா கண்ணை மூடி ஆழமாக இழுத்துவிட்டு, "இந்த வாசனையோட எங்க வீட்டுக்காரர் ஒருநாள் வந்து நிக்கட்டும், அப்பறம் தெரியும் யாருக்குத் தூக்கம் போகுதுன்னு" என்றாள், முன் வரிசை வரைக்கும் சிரிப்பு போனது. கோத்தகிரிக்குக் கீழே அவர்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில்தான் வகுப்பு. மகளிர் குழு சார்பில் சுற்றுலாக்காரர்களுக்கு வாசனைத் தைலம் விற்கிற கடை ஒன்று போடப்போகிறார்கள், அதற்கு முன்னால் அரோமாதெரபி என்றால் என்ன, எந்தத் தைலம் எதற்கு என்று தெரிந்துகொள்ள வேண்டுமே, அதற்காகக் குன்னூரிலிருந்து ஹெப்சிபா மிஸ்ஸை வரவழைத்திருந்தார்கள். கடையில் நின்று பேசப்போகிறவள் லோகேஸ்வரிதான், வாய் இருக்கிறவளை நிறுத்தினால்தான் வியாபாரம் ஆகும் என்று குழுவே முடிவு பண்ணிவிட்டது. மிஸ் நிதானமாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். இது தாளிக்கிற எண்ணெய் இல்லை, இலையிலும் பூவிலும் தோலிலும் இருக்கிற மணத்தை ஆவியில் ஏற்றி இறக்கி எடுப்பது, ஒரு பெரிய மூட்டை இலைக்கு ஒரு சின்னப் புட்டிதான் கிடைக்கும், அதனால் அதன் காரம் அதிகம், நேராகத் தோலில் தடவக்கூடாது, தேங்காய் எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ கலந்துதான் தடவ வேண்டும், இது மருந்துக்குப் பதில் இல்லை, மனசுக்கும் உடம்புக்கும் ஒரு ஒத்தாசை, அவ்வளவுதான். இதெல்லாம் லோகேஸ்வரிக்குப் பாதி தெரிந்தது. அவள் வீட்டுக்காரர் தர்மராஜ் கற்பூர மரத்து இலையை அண்டாவில் போட்டுக் காய்ச்சுகிற தைலக் கொட்டகையில்தானே வேலை பார்க்கிறார். அடுத்த துண்டு அந்தத் தைலம்தான், யூகலிப்டஸ், அது கைமாறி வருவதற்குள்ளேயே கூடம் சிரித்தது, "இது எங்க வீட்டுத் தண்ணி மிஸ்", "இதுக்கு எதுக்குக் காகிதம், லோகா வீட்டுக்காரரை நிறுத்தி வெச்சு மோந்து பாத்துக்கலாம்", மிஸ்ஸும் சிரித்தார், சிரித்த வாயோடு அதே குரலில், சளிக்கும் தலைபாரத்துக்கும் நல்லதுதான், பெரியவங்களுக்கு, கைக்குழந்தைங்க பக்கம் மட்டும் கொண்டு போயிராதீங்க, மூக்குக்கிட்ட, நெஞ்சுல எல்லாம் கூடவே கூடாது, அந்தக் காரம் தாங்காம சில குழந்தைகளுக்கு மூச்சுக்குழாய் சுருங்கிப் போகும், வாயில பட்டா இன்னும் மோசம், என்று சொல்லிவிட்டு, அடுத்தது எலுமிச்சம்புல் என்று அடுத்த புட்டியைத் திறந்தார்.

லோகேஸ்வரியின் கையில் துண்டு அப்படியே இருந்தது. எலுமிச்சம்புல் முன் வரிசையில் வந்துவிட்டது, "ரசத்துல போடலாம் போல இருக்கே" என்று யாரோ சொன்னார்கள், அவள் இன்னும் கற்பூர மரத்திலேயே இருந்தாள். காலையில் சளி பிடித்த மகனுக்காக வெள்ளை வேட்டியின் ஓரத்தைக் கிழித்தாள், உள்ளே கொஞ்சம் பஞ்சு வைத்தாள், தைலத்தை விட்டாள், சின்னதாக ஒரு முடிச்சுப் போட்டுத் தொட்டில் கம்பில் கட்டினாள், புடவைத் தொட்டிலை விரித்துப் பிடிக்கிற அந்தக் கம்பில், பிள்ளை மல்லாக்கப் படுத்தால் நேரே மூக்குக்கு மேலே. சளி பிடித்த பிள்ளைக்கு இந்தப் பக்கம் எல்லாரும் கட்டுவதுதான். அவளும் அப்படிக் கட்டின தொட்டிலில் கிடந்து வளர்ந்தவள்தான், நன்றாகத்தானே இருக்கிறாள், கல்லு மாதிரி. ஆனால் விட்டாள் என்றால் எவ்வளவு விட்டாள். ஒரு சொட்டா ரெண்டு சொட்டா. புட்டிக்குச் சொட்டு மூடி கிடையாது, அதுதான் சிக்கல், தர்மராஜ் கொட்டகையிலிருந்து பழைய இருமல் மருந்துப் புட்டியில் பிடித்துக்கொண்டு வந்தது, அதை வைத்து அளந்தா ஊற்ற முடியும், சாய்த்தால் சளக்கென்று வரும். சளக்கென்று வந்ததா. விரலெல்லாம் நனைந்தது, நனைந்த விரலைத் தன் நெற்றியில் தேய்த்துக்கொண்டாள், அது ஞாபகம் இருக்கிறது, விரல் நனைந்தால் கொஞ்சம் கூடத்தானே கொட்டியிருக்கும். கடையில் விற்கிற புட்டியில் என்னத்தையோ கலந்திருப்பான், காரம் குறைவாக இருக்கும். இது முதல் வடிப்பு. "சுத்தமான சரக்கு, கண்ணுல பட்டா கண்ணு போயிடும்" என்று தர்மராஜ் பெருமையாகச் சொல்லிக் கொடுத்தது. அந்தப் பெருமையைத்தான் முடிந்து தொங்கவிட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

சரி, முடிச்சுத்தானே, மூக்கில் ஊற்றவில்லையே, அது பாட்டுக்கு மேலே தொங்குகிறது, வாசனை அறை முழுக்கப் போய்விடும், ஒரு இடத்திலேயா நிற்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். சொன்ன மாத்திரத்தில் எட்டாம் வகுப்பு சயின்ஸ் சார் ஞாபகத்தில் வந்து நின்றார். வகுப்பின் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தச் சொல்லிவிட்டு மேசை மேல் ஒரு அத்தர் புட்டியைத் திறந்து வைத்தார், வாசனை வந்தவர்கள் கை தூக்குங்கள் என்றார், முதலில் முன் பெஞ்சு, அப்புறம் நடு, ஒவ்வொரு கையாக எழும்பி எழும்பி கடைசியில் சுவரோரம் இருந்த இவள் கையும் மேலே போனது. வாசனை நடந்து வருகிறது பார்த்தீர்களா என்றார் சார். நடந்து வரும். முதலில் யார் பக்கம் வரும். பக்கத்தில் இருக்கிறவன் பக்கம். பிள்ளை ஒரு முழம் கீழேதான் கிடக்கிறான். அந்த வகுப்புக்காவது கதவைத் திறந்துவிட்டார்கள், இவள் வீட்டில் ஜன்னலைச் சாத்தி, சந்தில் பழைய துணியைச் செருகி, பனி உள்ளே வரக்கூடாது என்று பத்திரம் பண்ணிவிட்டு வந்திருக்கிறாள், அந்த வேலையை மட்டும் எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாள். அங்கே இருக்கிற பெரிய மூக்கு ஒன்றுதான், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இன்றைக்கு லீவு போட்டிருக்கிற தர்மராஜ் மூக்கு, அது எப்போதோ செத்துப்போன மூக்கு. நாள் முழுக்க அண்டா ஆவியிலேயே நிற்கிற ஆள், சட்டை, முடி, சோற்றுப் பாத்திரம் எல்லாம் தைலம், கல்யாணமான புதிதில் இவள் கண்ணில் தண்ணீராக வந்தது, "என்னத்துக்கு அழுவுற, நான் என்ன செஞ்சேன்" என்று அந்த மனுஷன் பயந்து போனார். அவருக்கு வாசனை வராது. வீடே புட்டியாகிவிட்டாலும் அவருக்குத் தெரியாது. மூக்கு சீக்கிரம் பழகிப்போகும், கொஞ்ச நேரத்தில் வாசனையே இல்லை என்று தோன்றும், ஆனால் அது அங்கேதான் இருக்கும் என்று மிஸ் சரியாக இப்போதுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு விநாடி, இந்த அம்மாள் நம் வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாரோ என்றிருந்தது.

எழுந்து போய் ஒரு போன் போட்டால் முடிந்தது. போன் வாசலோரம் சிவப்பு வாளியில் கிடக்கிறது, எல்லார் போனும் அதில்தான், மேலே ஒரு தட்டு. போன தடவை கணக்கு வகுப்பில் யார் பேசுகிறார்கள் என்றே தெரியாமல் ஆளுக்கு ஆள் மணியடித்தபோது, வாளியில் போட்டு மூடுங்க, எடுக்கிறவங்க எல்லாருக்கும் டீ வாங்கித் தரணும் என்று சட்டம் போட்டவள் லோகேஸ்வரி. டீ வாங்கித் தந்துவிடலாம், அது இல்லை. என்னவென்று கேட்பார்கள். "என்னாச்சு லோகா" என்று ரெஜினா அக்கா கேட்பாள், பிள்ளைக்கு முடிச்சுக் கட்டிவிட்டு வந்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும், கடையில் நின்று ஊருக்கே வாசனை விளக்கம் சொல்லப்போகிறவள் சொல்ல வேண்டும். பிள்ளை வளர்க்கிறதில் இவளைக் கேட்டுத்தான் பாதிப் பேர் நடக்கிறார்கள், கஞ்சி எப்போது கொடுக்கலாம், காது குத்தினால் காய்ச்சல் வருமா, எல்லாம் லோகாவைக் கேளு. சளியா, முடிச்சுக் கட்டு என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள். அது வேறு இருக்கிறது. மிஸ் எலுமிச்சைத் தோல் தைலத்துக்குப் போய்விட்டார், அதைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கறுத்துப்போகும் என்றார், "வெயில் எங்க மிஸ் இங்க" என்று ஒரு குரல், கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே மூடுபனி தடுப்புச் சுவர் மாதிரி நின்றது. இவ்வளவு பனியில் எந்த ஆள் ஜன்னலைத் திறப்பார். திறக்க மாட்டார். ஒரு வேளை பிள்ளை தொட்டிலில் இல்லாமல் இருந்தால். அதற்கும் வழி வைக்காமல் வந்தவள் இவள்தான். காலையில் வாசற்படியில் நின்று சட்டம் போட்டாள், "தோள்ல போட்டே பழக்காதீங்க, அப்பறம் நான் அவனச் சுமக்கிறதா, அடுப்பப் பாக்கிறதா, தொட்டில்ல போட்டு ஆட்டுங்க, அழுதா கொஞ்ச நேரம் அழட்டும், ஒண்ணும் கொறஞ்சு போயிடாது." தர்மராஜ் தலையாட்டினார். எதற்கும் தலையாட்டுகிற ஆள்தான். கஷாயம் குடிச்சீங்களா, குடிச்சேன் என்பார், டம்ளர் ஜன்னலுக்கு வெளியே கவிழ்ந்து கிடக்கும். குளிச்சீங்களா, குளிச்சேன் என்பார், துண்டு காய்ந்தே இருக்கும். பொய் என்று சொல்ல முடியாது, சண்டை வேண்டாமே என்று ஒரு ஆமாம். அந்த ஆமாமுக்காக எத்தனை நாள் திட்டியிருக்கிறாள். இன்றைக்குச் சொன்ன ஆமாமும் அந்த ரகமாக இருந்துவிட்டால் போதும் என்று இருந்தது. ஆனால் காலையில் குரலை உயர்த்திச் சொன்னாளே, கதவைச் சாத்தும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தும் சொன்னாளே, அதற்கப்புறமும் கேட்காமல் இருப்பாரா. எல்லா நாளும் கேட்காத மனுஷன் இன்றைக்கென்று பார்த்துக் கேட்டிருப்பார்.

ஒன்றும் இருக்காது. இருக்காது என்றால் ஏன் உள்ளங்கை ஈரமாக இருக்கிறது. காகிதத் துண்டு அந்த ஈரத்தில் ஊறி வளைந்துவிட்டது, வாசனை இப்போது கையிலும் ஏறிவிட்டது, மடியில் துடைத்தாள், மடியிலும் ஏறிவிட்டது. அவன் பிறந்தவுடன் அழவில்லை. அதை அவள் யாரிடமும் பேசுவதில்லை, பேசுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை, கொஞ்ச நேரம்தான், நர்ஸ் அவனைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள், முதுகைத் தட்டுகிற சத்தம் கேட்டது, ஈரத் துணியைக் கல்லில் தட்டுகிற மாதிரி, அதைத் தவிர வேறு ஒரு சத்தமும் இல்லை, அந்த அறையில் அத்தனை பேர் இருந்தும் ஒருவரும் பேசவில்லை, லோகேஸ்வரி கூரையில் இருந்த டியூப் லைட்டைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள், அழுடா, அழுடா, வேறு ஒன்றும் வேண்டாம். அப்புறம் கீச்சென்று ஒரு சத்தம், கதவு இடுக்கில் மாட்டிய பூனை மாதிரி, அப்புறம் நிறுத்தவே இல்லை, இன்று வரைக்கும் நிறுத்தவில்லை, பசித்தால் அழுகை, பசி தீர்ந்தால் அழுகை, தர்மராஜ் அவனுக்குப் பூசணி என்று பேர் வைத்துத் தூக்கிக்கொண்டே அலைகிறார். அந்த அழுகையைத்தான் கொஞ்ச நேரம் அழட்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அழுதால் பரவாயில்லை. அழாமல் இருந்தால்தான். அழாமல் அசந்து தூங்குகிறான், நல்ல பிள்ளை என்று தர்மராஜ் தொட்டிலை எட்டிக்கூடப் பார்க்காமல் டீ போட்டுக் குடித்துக்கொண்டு இருந்தால். மூக்கு வேறு சளியில் அடைத்திருக்கிறது, வாயால் மூச்சு விடுகிறான், மூக்கு அடைத்தால் வாசனை போகாது இல்லையா, போகாது, ஆனால் வாய் திறந்திருக்கிறதே, காரம் வாய்க்குள் போகுமே, முடிச்சில் கூடுதலாக ஊறியது சொட்டினால், சொட்டாது, பஞ்சு வைத்தேன், எவ்வளவு பஞ்சு, ஒரு சொட்டா ரெண்டு சொட்டா, விரல் நனைந்தது. மறுபடியும் அங்கேயே வந்து நின்றது, செக்கு மாடு மாதிரி. மிஸ் மேசையில் தேங்காய் எண்ணெயை ஒரு கிண்ணத்தில் ஊற்றினார், ஒரு கரண்டி எண்ணெய்க்கு இத்தனை சொட்டு போதும் என்று கண்ணாடிக் குழலால் ஒவ்வொரு சொட்டாக விட்டார், ஒவ்வொரு சொட்டும் விழுந்து வட்டமாகப் பரவுவதை எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். இவ்வளவு பெரிய கிண்ணத்துக்கே எண்ணித்தான் விடுகிறார்.

எழுந்து நின்றுவிட்டாள். நாற்காலி பின்னால் நகர்ந்து கிரீச்சென்றது. "மிஸ்" என்றாள், "கைக்குழந்தைக்கு ஆகாதுன்னீங்களே. நான் காலைல எங்க பையனுக்குத் தொட்டில் கம்புல தைல முடிச்சு கட்டிட்டு வந்திருக்கேன். சளி. ஏழு மாசம்தான் ஆவுது. ஜன்னலையும் சாத்திட்டேன்." சிரிப்பார்கள் என்று நினைத்தாள், யாரும் சிரிக்கவில்லை. மிஸ் குழலைக் கீழே வைத்தார். "பதற வேண்டாம்மா. நிறையக் குழந்தைங்களுக்கு ஒண்ணும் ஆகிறதில்ல. ஆனா வீட்டுக்கு உடனே போன் பண்ணுங்க. முடிச்ச அவுத்து வெளிய போடச் சொல்லுங்க, குழந்தைய நல்ல காத்துக்குக் கொண்டு போகச் சொல்லுங்க. மூச்சு இழுக்குதா, சோர்ந்து போய் இருக்குதான்னு பாக்கச் சொல்லுங்க, அப்படி இருந்தா யோசிக்காம ஆஸ்பத்திரி." சொல்லிவிட்டுக் கூடத்தைப் பார்த்தார், சந்தேகத்தோடு கேட்டார், "வேற யார் வீட்டுலயாவது கட்டியிருக்கீங்களா?" அப்புறம் முன் வரிசையில் ஒரு கை எழும்பியது. அதற்குப் பின்னால் இன்னொன்று. நடுவில் ரெண்டு சேர்ந்தாற்போல. ஒவ்வொன்றாக எழும்பி எழும்பி சுவரோரம் வரைக்கும் போனது, கடைசியில் ரெஜினா அக்கா, பேரப்பிள்ளையை மகளிடம் விட்டுவிட்டு வந்தவள், பாதிக் கையைத் தூக்கி, "நான் முடிச்சு கட்டல மிஸ், நெஞ்சுலயே தடவிட்டு வந்தேன்" என்றாள். அதற்கப்புறம் யார் முதலில் எழுந்தார்கள் என்று சொல்ல முடியாது. வாளி கவிழ்ந்தது, போன்கள் சிமெண்டுத் தரையில் சறுக்கின, இது என்னுது, இல்ல அது என்னுது, அந்தக் களேபரத்தில் பூப் போட்ட உறையை லோகேஸ்வரியின் கை தானாகத் தேடி எடுத்தது.

மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. கூடம் முழுக்க ஆளுக்கொரு மூலையில், அத அவுத்துப் போடுடி, ஜன்னலத் தொற, சோப்புப் போட்டுத் தொடச்சு வுடு, ஆமா இப்பவே, என்று குரல்கள், அவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு ஜன்னலோரம் போனாள். எடுங்க. எடுங்க. எடுத்தார். "சொல்லு லோகா." "பையன் எங்கங்க?" என்றாள். "தொட்டில்லதான். நீ சொன்ன மாதிரிதான். நீ போனதுமே போட்டுட்டேன், நல்லாத் தூங்குறான்" என்றார் தர்மராஜ். ஜன்னல் கம்பி கையில் சில்லென்று இருந்தது. டியூப் லைட். ஈரத் துணி. அழுடா. "எழுப்புங்க. தூக்குங்க அவன, மொதல்ல தூக்குங்க" என்று சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் போனுக்கு மிகப் பக்கத்தில், தொட்டிலில் கிடக்கிற பிள்ளையின் சத்தம் அவ்வளவு பக்கத்தில் கேட்கவே கேட்காது, சளியோடு கொர்ரென்று ஒரு மூச்சும் அதன் வாலிலேயே ஒரு சிணுங்கலும், அப்புறம் தும்மல். "ஏங்க" என்றாள் மெதுவாக, "திட்ட மாட்டேன். சத்தியமாத் திட்ட மாட்டேன். உண்மையச் சொல்லுங்க, அவன் எங்க இருக்கான்?" தர்மராஜ் இருமினார். "கோவிச்சுக்காத. தொட்டில்ல போட்டேன், போட்டதும் மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டு ஒரே கத்து. நீ அழட்டும்னு சொன்னே. எனக்கு மனசு கேக்கல. அப்பவே எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு வெளிய வந்துட்டேன், இன்னும் எறக்கல. அந்தக் கொய்யா மரத்தடியிலதான் நிக்கிறோம். கம்பளி சுத்தியிருக்கேன். உன் பூசணி என் சட்டை முழுக்க மூக்கத் தொடச்சு வெச்சிருக்கான். மத்தியானம் நீ வர்றதுக்குள்ள தொட்டில்ல போட்டுரலாம்னுதான் இருந்தேன்." "எந்தச் சட்டை?" என்றாள் சட்டென்று, "கொட்டாய்க்குப் போடுற சட்டையா?" "இல்ல இல்ல, தொவச்ச சட்டை. ஏன், இப்ப சட்டைல என்ன?" அவள் ஜன்னல் திண்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு இழுக்கிறானா, சுறுசுறுப்பாக இருக்கிறானா என்று கேட்டாள், என் மூக்கப் புடிச்சுத் திருகுறான், இதவிடச் சுறுசுறுப்பு எனக்கு வேண்டாம் என்றார். முடிச்சை அவிழ்த்துத் தூரப் போடச் சொன்னாள், ஜன்னல் சந்துத் துணியைப் பிடுங்கச் சொன்னாள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மறுபடி பிள்ளையைத் தொடச் சொன்னாள், ஏன் எதற்கு என்று வந்து சொல்கிறேன் என்றாள், எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார், அந்தச் சரி எந்த ரகம் என்று கேட்க வேண்டும் போல இருந்தது. பின்னால் ரெஜினா அக்கா சத்தமாக மூக்கைச் சிந்தி, "என் பேரன் நல்லா இருக்கான், பால் குடிக்கிறானாம்" என்று கூடத்துக்கே அறிவித்துவிட்டு, "ஏ லோகா, எல்லாருக்கும் டீ யாரு கணக்கு?" என்றாள். மிஸ் கவிழ்ந்த வாளியை நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். போனில் தர்மராஜ் இன்னும் இருந்தார், "சரி, முடிச்ச அவுத்துட்டு, ஜன்னலத் தொறந்துட்டு, அப்பறம் இவனத் தொட்டில்ல போட்டுரட்டுமா?" என்று பயந்து பயந்து கேட்டார்.

"வேண்டாங்க" என்றாள் லோகேஸ்வரி, "நான் வர்ற வரைக்கும் தோள்லயே வெச்சிருங்க. எறக்காதீங்க."